சொல்லிவிட்டுத்தான் விடுவேன்

“தூக்கிக் கெணத்துல போட்டா நீச்சல் தன்னால வந்துரும்” என்று சொல்லாத பெரியவரை எங்கள் கொங்குப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. சொல்லும்போதே முகத்தில் ஒரு மிடுக்கு ஏறும். மாமனோ சித்தப்பனோ தன்னை அப்படித்தான் தூக்கிப் போட்டார், ரெண்டு மடக்குத் தண்ணி குடித்தேன், மறுவாரமே மோட்டார் ரூம் மேலேறிக் குதித்தேன் என்று கதை நீளும். கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கதையைச் சொல்கிற அத்தனை பேரும் நீச்சல் வந்தவர்கள். தூக்கிப் போட்ட நாளோடு கிணற்றுமேட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் அந்தத் திண்ணைப் பேச்சில் வாயைத் திறப்பதில்லை. அவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.

என் பெரியப்பா மகன் அப்படிக் கணக்கில் சேராதவர். சின்ன வயதில் அவருடைய தாய்மாமன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, மீன் காட்டுகிறேன் என்று கிணற்று விளிம்புக்குக் கொண்டுபோய் அப்படியே உள்ளே போட்டார். உடனே தானும் குதித்துத் தூக்கிவிட்டார் என்பதால் ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். பல வருஷம் கழித்து, பெரியப்பாவின் சாம்பலைக் கரைக்கப் பவானி கூடுதுறைக்குப் போனபோது அண்ணனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. நாங்கள் எல்லாரும் ஆற்றில் இறங்கி முங்கினோம். அவர் கடைசிப் படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். சடங்கு செய்தவர், “மூணு தடவ முழுகோணுங்க” என்றார். “இது போதுமுங்க” என்றார் அண்ணன். அந்த மாமனிடம் அவருக்குப் பகை ஒன்றும் கிடையாது. நல்லது கெட்டதுக்குப் போய்வருவார். தண்ணீரோடு மட்டும்தான் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தது அப்பிச்சி, அம்மாவைப் பெற்றவர். ஊர் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். முழுப்பரீட்சை லீவுக்கு நான் போய்ச் சேரும்போது பெரும்பாலும் முதல் போகத்துக்குத் தண்ணீர் விட்டிருப்பார்கள். கொடிவேரி அணையிலிருந்து வாய்க்கால் ஓடத் தொடங்கினால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊற்று மேலேறும். மார்ச்சில் எட்டிப் பார்த்தால் தலைசுற்றும் கிணறு மே மாதத்தில் நாலு படி இறங்கினால் தண்ணி என்று ஆகிவிடும். கருங்கல்லைச் சுவரில் செருகிவைத்த படிகள். பாதிக் கல் சுவருக்குள்ளே, பாதிக் கல் வெளியே. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது.

அப்பிச்சி சாந்தமான மனிதர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார். அவர் மனைவி, என் அம்மாயி, அவரிடம் நின்று பேசி நான் பார்த்ததே இல்லை, நடந்துகொண்டேதான் பேசுவார். என் அம்மாவுக்குக் கடைசிவரை அவரிடம் பயம். பேரப்பிள்ளைகள் மேல் மட்டும் பாசம் பொங்கியது என்றும் சொல்ல முடியாது. ஆனால் கிணற்றுக்குள் இறங்கினால் வேறு ஆள். இது எப்படி என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவருக்குக் கன்று பழக்கத் தெரியும். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து காங்கேயம் கன்றுகளை வண்டிக்கும் ஏருக்கும் பழக்க அவரிடம்தான் ஓட்டிவருவார்கள். “ஒருக்கா ஏமாத்திப் போட்டா அந்தக் கன்னு அப்பறம் கைக்கு வராது” என்பார். பிள்ளையும் கன்றைப் போலத்தான் என்பது அவருடைய சித்தாந்தம். மனைவிக்கும் மகளுக்கும் அதை நீட்டிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

முதலில் அவர் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கப்போடச் சொல்லிவிட்டு, தன் வேலையைப் பார்ப்பார். வேட்டியைக் கும்முவார், குளிப்பார், அக்கரைச் சுவர் வரை போய்த் திரும்புவார். கெண்டைக் குஞ்சுகள் வந்து பாதத்தைக் கொத்தும். கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டு மறுபடியும் விடுவேன். “வா, எறங்கு” என்று அவர் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. கடைசியில், “நானும் எறங்கட்டுங்களா அப்பிச்சி?” என்று கேட்டது நான்தான். அவர் அதற்குத்தான் காத்திருந்தார் என்பது அப்போது தெரியாது.

சாளையில் இரண்டு சுரைப்புருடை தொங்கும். விதைக்கு விட்ட சுரைக்காய், கொடியிலேயே முற்றி, ஓடு கட்டையாகக் காய்ந்தது. அதை முதுகில் கட்டிவிடுவார். உள்ளே காய்ந்த விதைகள் கலகலக்கும். நான் பயந்து நெளிந்தால் சத்தம் அதிகமாகும், அமைதியாகக் கிடந்தால் அடங்கிவிடும். இடுப்பில் கயிறு. கவலை ஓட்டிய காலத்து வால்கயிறு அது. மோட்டார் வந்தபிறகு வேலையற்றுக் கிடந்ததை எனக்காக எடுத்தார். கயிற்றின் ஒரு முனை என் இடுப்பில், மறு முனை படியில் நிற்கும் அவர் கையில். இறங்குவதற்கு முன்னால் நடந்த பேரம் அப்படியே நினைவிருக்கிறது.

“அப்பிச்சி, உட்டுருவீங்களா?”

“உடறதா இருந்தாச் சொல்லிப்போட்டுத்தான் உடுவேன்.”

“சொன்னாலும் உடக்கூடாது.”

கொஞ்சம் யோசித்தார். “செரி. நீ உடச் சொல்லாம உடமாட்டன் அம்மிணி.”

அந்த வார்த்தையை அவர் காப்பாற்றிய விதம்தான் எனக்குக் கிடைத்த நீச்சல் பாடம். “இப்ப ஒரு சாண் தளத்தட்டுமா?” என்று கேட்பார். நான் “ம்” என்றால் ஒரு சாண் தளரும். இடுப்பில் அது நன்றாகத் தெரியும். “வேண்டாங்க” என்று கத்தினால் அந்த ஒரு சாணைத் திரும்ப இழுத்துவிடுவார். முகத்தில் சலிப்பு தெரியாது. மேலே நின்ற பையன்கள், “பொட்டப்புள்ளைக்கு இத்தன சீராட்டா” என்று கிண்டல் பண்ணுவார்கள். அவர்களுக்கு ஒரு வசவு விழும், எனக்கு விழாது. தளர்த்தியது எவ்வளவு என்பதைவிட, வேண்டாம் என்றதும் கயிறு திரும்பி வந்ததே என் உடம்புக்குள் இறங்கியது. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தபின் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு புருடை ஒன்றாயிற்று. பிறகு அதுவும் போயிற்று. கயிறு மட்டும் இருந்தது. ஒருநாள் நானே, “அவுத்துருங்க” என்றேன். அவிழ்த்தவர் அதைச் சுருட்டி எடுத்துப்போகவில்லை. என் கண்ணுக்குத் தெரிகிற படியில் போட்டார். “எங்கயும் போகாது, இங்கயேதான் கெடக்கும்” என்றார்.

இதெல்லாம் பாசத்தில் செய்த சலுகை என்று யாராவது நினைத்தால், தண்ணீரின் கணக்கை அவர்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம். நெஞ்சு நிறைய மூச்சு இருக்கும்போது பெரும்பாலானவர்களின் உடம்பு தண்ணீரைவிடக் கொஞ்சம் இலேசு. மூச்சை முழுக்க விட்டுவிட்டால் கனம். வித்தியாசம் ரொம்பக் குறைவு. நுரையீரல் இருக்கும் நெஞ்சுப் பக்கம் மிதக்கப் பார்க்கும், இடுப்பும் காலும் அமிழப் பார்க்கும். நடுவில் தலை. பெரியவர்களுக்கு உடல் நீளத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு தலை என்றால், ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆறில் ஒரு பங்கு இருக்கும். பயந்த பிள்ளை முதலில் செய்வது அந்தக் கனமான தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்குவது. தலை மேலே போனால் கால் கீழே போகும். கால் கீழே போனால் பயம் கூடும், மூச்சு சிறுத்துப் படபடக்கும், நெஞ்சில் காற்றுத் தங்காது. இன்னும் அமிழும். பயப்படாதே என்று வாயால் சொன்னால் இந்தச் சுழல் நிற்காது. காதைத் தண்ணீருக்குள் வைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு, கழுத்தைத் தளரவிட ஒரு பிள்ளை சம்மதிக்க வேண்டும். அடியில் இருக்கிற கையை நம்பாமல் எந்தப் பிள்ளை கழுத்தைத் தளரவிடும்? நம்பிக்கை இல்லாவிட்டால் உடம்பு மிதக்காது. இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல, எடையும் மூச்சும் சம்பந்தப்பட்டது.

பின்னால் நான் கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். அங்கே ஒரு நீச்சல் குளம் கட்டினார்கள். சின்ன வகுப்புப் பெண்பிள்ளைகளோடு தண்ணீரில் நிற்க ஒரு பெண் வேண்டும் என்று தேடியபோது, நீச்சல் தெரிந்த டீச்சர் நான் ஒருத்திதான் இருந்தேன். கோச் ஒருவர் இருந்தார், நான் அவருக்கு உதவி. காலையில் குளத்தில் இறங்கி, குளோரின் வாடையோடு பத்தாம் வகுப்புக்குப் போய் அல்ஜீப்ரா எடுத்த வருஷங்கள் அவை. அல்ஜீப்ராவில் கற்றதைவிடப் பிள்ளைகளைப் பற்றி மூன்றடித் தண்ணீரில் கற்றதுதான் அதிகம்.

பயம் எல்லாப் பிள்ளையிடமும் அழுகையாக வராது. அழுகிற பிள்ளையால் தொந்தரவே இல்லை. அதற்கு என்ன வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. ஓயாமல் பேசுகிற பிள்ளை உண்டு. எங்கள் வீட்டு நாய்க்கு என்ன பேர் தெரியுமா மிஸ், எங்க தாத்தா சிங்கப்பூர் போனாங்க மிஸ் என்று கதை விட்டுக்கொண்டே இருக்கும். பேச்சு நின்றால் முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொல்லிவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும். புதன்கிழமை மட்டும் வயிறு வலிக்கிற பிள்ளை உண்டு. நீச்சல் வகுப்பு புதன்கிழமைதான். எதற்கெடுத்தாலும் விழுந்து விழுந்து சிரிக்கிற பிள்ளை உண்டு. இவர்களையெல்லாம் கண்டுபிடித்துவிடலாம். சிக்கல், சொன்ன சொல் கேட்கிற பிள்ளையிடம்தான். முகத்தை வை என்றால் வைக்கும், காலை அடி என்றால் அடிக்கும், முகத்தில் ஒன்றும் தெரியாது. தெளிந்த தண்ணீருக்குள் அதன் கால் விரல்களைப் பாருங்கள். பத்து விரலும் உள்ளே மடங்கி இறுகியிருக்கும். தோள் இரண்டும் காதைத் தொடப் போகும். குளிரில் நடுங்குகிற பிள்ளையின் தாடைதான் ஆடும், விரல் மடங்காது. இந்தப் பிள்ளையை நல்ல பிள்ளை என்று நினைத்து அடுத்த பாடத்துக்குக் கொண்டுபோனால், ஏதாவது ஒருநாள் ஆழமான பக்கத்தில் அத்தனை பயமும் ஒன்றாக வெளியே வரும்.

முகத்தில் தண்ணீர் பட்டாலே அலறுகிற பிள்ளைகளின் அம்மாக்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: வீட்டில் எண்ணெய்க் குளியல் யார் பண்ணிவிடுவது? பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். நம் வீடுகளில் பிள்ளைக்குத் தண்ணீரோடு முதல் சண்டை சனிக்கிழமைக் காலையில், பாட்டியின் இரண்டு முழங்காலுக்கு நடுவில் நடக்கிறது. கண்ணில் சீயக்காய், மூக்கில் சுடுதண்ணி, “முடிஞ்சுது முடிஞ்சுது, இதோ கடைசிச் சொம்பு” என்கிற பொய். கடைசிச் சொம்புக்குப் பிறகு எப்போதும் மூன்று சொம்பு உண்டு. ஐந்து வயதுக்குள் பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது: தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்மை பேச மாட்டார்கள். அந்த அம்மாக்களிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். எத்தனை சொம்பு என்று முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்ன எண்ணிக்கையில் நிறுத்துங்கள், நுரை மிச்சமிருந்தாலும் பரவாயில்லை. குளத்தில் நான் செய்ய வேண்டிய வேலையில் பாதி குளியலறையிலேயே முடிந்துவிடும்.

கோச்சுக்கும் எனக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. அவர் நல்ல நீச்சல்காரர். பிள்ளைகளை அடிக்கவோ திட்டவோ மாட்டார். ஆனால் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து, “புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிடுவார். பிள்ளை நாலு அடி போனதும், “பாரு, நான் விட்டு எவ்ளோ நேரமாச்சு, நீயேதான் போனே!” என்பார். மேலே கம்பியைப் பிடித்து நிற்கும் அப்பாக்கள் கைதட்டுவார்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் சைக்கிள் கற்றுக்கொண்டதும் இந்த வித்தையில்தான். இது பலிக்காது என்று நான் சொல்லமாட்டேன். பல பிள்ளைகளுக்குப் பலித்தது. கைதட்டலில் அவை பூரித்துப்போவதையும் பார்த்திருக்கிறேன். “ரிசல்ட் வருதுல்ல டீச்சர்?” என்பார் அவர். வரும்தான். ஆனால் அடுத்த வகுப்பில் “புடிச்சிருக்கேன்” என்றால் அந்தப் பிள்ளை என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ளும்? அந்தச் சொல் செல்லாக்காசாகிவிட்டது. பிறகு நிஜமாகவே ஆபத்து வரும் நாளில், “நான் இருக்கேன், அசையாமப் படு” என்று நீங்கள் கத்தினால் அது காதில் ஏறாது.

அப்படிச் செல்லாக்காசை வாங்கிக்கொண்டு வந்த ஒரு சிறுமி எங்களிடம் சேர்ந்தாள். ஒன்றாம் வகுப்பு. ஏதோ சுற்றுலாவில் ஹோட்டல் குளத்தில் அவள் அப்பா இதே வித்தையைச் செய்ய, அவள் மூழ்கித் தண்ணீர் குடித்திருக்கிறாள். தொட்டால் உதறவில்லை, அழவும் இல்லை. மிதக்கப் படுக்கவைத்தால் என் கை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். பார்ப்பதற்காக உடம்பை வளைப்பாள், வளைந்ததும் அமிழ்வாள். கை இருக்கும்போதே அமிழ்ந்தாள். இதற்கு மேல் எத்தனை தரம் “பிடிச்சிருக்கேன்” என்று சொல்லியும் பிரயோஜனமில்லை. அதனால் ஏற்பாட்டை மாற்றினோம். நான் அவளைப் பிடிப்பதில்லை, அவள்தான் என்னைப் பிடிக்க வேண்டும். என் முன்கையைத் தண்ணீரில் நீட்டி வைத்துக்கொண்டு நிற்பேன். விடுவதும் பிடிப்பதும் அவள் இஷ்டம். நான் கையை இழுக்க மாட்டேன், நகரமாட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

முதலில் நகம் பதிந்தது. வகுப்பு முடிந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்ளும்போது நாலு பிறைகள் சிவப்பாகத் தெரியும். சில வகுப்புகள் கழித்து நகம் போய் விரல் நுனியின் சதை மட்டும் அழுத்தியது. பிறகு உள்ளங்கை கையின் மேலே வெறுமனே கிடந்தது, பிடியே இல்லை. அப்புறம் இரண்டு விரல். ஒருநாள் ஒரே ஒரு சுண்டுவிரல், அதுவும் மணிக்கட்டுக்கு மேலே கூச்சம் காட்டுகிற மாதிரி. காது தண்ணீருக்குள், கண் கூரைத் தகரத்தைப் பார்க்கிறது, கால் விரல்கள் விரிந்திருக்கின்றன. சுண்டுவிரல் எப்போது விலகியது என்று எனக்குத் தெரியவில்லை, நான் அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்றவள், “காகிள்ஸ் ரொம்ப டைட்டா இருக்கு மிஸ்” என்றாள். அவ்வளவுதான். கைதட்ட மேலே யாரும் இல்லை, அவள் அப்பா காரில் போன் பேசிக்கொண்டிருந்தார். அது அவளுக்கு நல்லதாகவே அமைந்தது.

அந்தச் சமயத்தில் உடற்குறையுள்ள ஒரு பிள்ளையைக் குளத்துக்குக் கூட்டிவந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஹாலிவிக் முறையைப் பற்றிச் சொன்னார். ஜேம்ஸ் மெக்மில்லன் என்கிற எஞ்சினியர், 1949இல், வடக்கு லண்டனில் உடற்குறையுள்ள சிறுமிகளுக்கான ஹாலிவிக் பள்ளியில் தொடங்கியது. பத்துப் படிகள் கொண்ட அந்த முறையில் மிதவைகளே கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள், கண்ணுக்குக் கண் பார்க்கிற மாதிரி நிற்க வேண்டும். முதல் படியே மனத்தைத் தண்ணீருக்குப் பழக்குவதும், பிடித்திருக்கும் ஆளை மெல்ல மெல்ல விலக்கிக்கொள்வதும்தான். கை வீசுவதும் கால் அடிப்பதும் கடைசியில் வருகின்றன. கால் வராத பிள்ளைக்கே நீச்சல் வரவைத்த முறை இப்படித் தொடங்குகிறது என்று கேட்டபோது கோபிச்செட்டிப்பாளையத்துக் கிணறு நினைவுக்கு வந்தது. மெக்மில்லனுக்குச் சுரைப்புருடையைப் பிடித்திருக்காது. கயிற்றைத் தளர்த்திய விதம் பிடித்திருக்கும்.

பள்ளியில் ஒருமுறை ‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ என்று ஒருநாள் பயிலரங்கு வைத்தார்கள். டேனியல் கோல்மன் 1995இல் எழுதிய புத்தகம் அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோயிருந்தது. வந்தவர் ஸ்லைடு போட்டு, இது இருக்கிறவர்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரேபோல் வெற்றி பெறுவார்கள் என்றார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகும் அப்பிச்சியை நினைத்துக்கொண்டேன். பிறர் மனத்தைப் படிப்பது ஒரு மனிதரின் குணம் என்பதைவிட, ஒரு வேலையில் படிந்த பழக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கன்றிடமும் கயிற்றிடமும் அவர் அதைப் பழகியிருந்தார், அடுப்படியில் பழகவில்லை. நல்ல மனசு இருந்தால் போதும், பிள்ளைகள் தானாக நம்பும் என்று நினைக்கிற டீச்சர்களையும் பார்த்திருக்கிறேன். நல்ல மனசுக்காரர்கள்தான் “வலிக்காது” என்று சொல்லி ஊசி போடவைக்கிறவர்கள்.

சொல்லிவிட்டுச் செய்வதில் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பேசக் கூச்சப்படக் கூடாது. நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர் பிள்ளையின் உடம்பைத் தொட்டாக வேண்டியிருக்கிறது. வயிற்றில், முதுகில், பிடரியில். “இப்ப உன் முதுகுக்கு அடியில கை வைக்கப் போறேன், சரியா?” என்று ஒவ்வொரு தரமும் கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்துவிடுகிறது. அப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை, கேட்காமல் தொடுகிற ஆளை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். பெண்பிள்ளைக்கு மட்டுமல்ல, பையனுக்கும் இதே விதிதான்.

நம்பிக்கையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, தண்ணீரை நம்பச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆளை நம்பலாம், தண்ணீரை நம்பக் கூடாது. மூழ்குகிறவர்கள் சினிமாவில் வருகிற மாதிரி கையை ஆட்டிக் கத்த மாட்டார்கள். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் பீச்சில் உயிர்காப்பாளராக இருந்த பிரான்செஸ்கோ பியா, மூழ்குகிறவர்களைப் படம்பிடித்துப் பார்த்து இதை எடுத்துச் சொல்லி அரை நூற்றாண்டு ஆகிறது. மூச்சுக்கே வாய் போதாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? கைகள் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், உடம்பு நட்டுக்குத்தலாக நிற்கும், இருபதிலிருந்து அறுபது விநாடிக்குள் முடிந்துவிடும். பக்கத்தில் பேசிக்கொண்டு நிற்பவர்களுக்கே தெரியாது. அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு மிதப்பதற்கு அடுத்த பாடம், தோழி தடுமாறினால் குதிக்காமல் இருப்பது. படுத்துக்கொண்டு துண்டை எறி, துப்பட்டாவை எறி, கம்பை நீட்டு, கத்தி ஆளைக் கூப்பிடு. வங்கதேசத்தில் ஊர்க்குளத்துக்குள்ளேயே மூங்கில் மேடை கட்டி நடத்துகிற ‘ஸ்விம்சேஃப்’ வகுப்புகளிலும் இது பாடம்தான். 25 மீட்டர் நீந்துவது, 30 விநாடி மிதப்பது, பிறகு தண்ணீரில் இறங்காமல் இன்னொருவரைக் காப்பாற்றுவது. சொல்லிக்கொடுப்பவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். லட்சக்கணக்கில் செலவழித்து டைல்ஸ் போட்ட குளம் தேவையில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளின் நீச்சல் பெரியவளாகிற அன்றோடு முடிந்தது. எனக்கும் முடிந்தது. கோயம்புத்தூர் குளம் வரும்வரை பல வருஷம் நான் தண்ணீரில் இறங்கவில்லை. என் தலைமுறைத் தோழிகளில் பலர் கிணற்றுமேட்டில் பிறந்து வளர்ந்தும் நீச்சல் தெரியாதவர்கள். 2022 ஜூனில் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன ஏழு பேர் ஒன்றாக மூழ்கினார்கள். அத்தனை பேரும் பெண்கள், சிறுமிகள். இந்த மாதிரிச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே வரிசைதான். ஒருத்தி தடுமாறுகிறாள், அவளைப் பிடிக்க இன்னொருத்தி போகிறாள், அவளைப் பிடிக்க மற்றொருத்தி. உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2021இல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தை.

ஏப்ரல் வந்தால் ஊர்தோறும் நீச்சல் வகுப்புக்குத் தட்டி வைப்பார்கள். பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் முதல் நாள் பணம் கட்டுவதற்கு முன் அரைமணி நேரம் சும்மா நின்று பாருங்கள். கோச் கையை எடுப்பதற்கு முன் சொல்கிறாரா, “வேண்டாம்” என்கிற பிள்ளையிடம் திரும்ப வருகிறாரா என்று மட்டும் பாருங்கள். அவர் வாங்கிய மெடலைப் பார்க்க வேண்டாம். பத்து நாளில் நீச்சல் என்று எழுதியிருந்தால் வேறு இடம் தேடுங்கள். வகுப்பு நடக்கும்போது மேலேயிருந்து, “குதிடா, பயப்படாதடா” என்று கத்தாதீர்கள். திரும்பி வரும் வழியில் எத்தனை மீட்டர் போனாய் என்று கேட்காதீர்கள், இன்றைக்குக் காது தண்ணீருக்குள் போச்சா என்று கேளுங்கள். மகனைச் சேர்க்கும்போது மகளையும் சேருங்கள். அவள் பெரியவளானபிறகும் நிறுத்தாதீர்கள். முடிந்தால் அம்மாவும் சேரலாம். எங்கள் குளத்தில் நாற்பத்தைந்து வயதில் முதல் முறையாக முகத்தைத் தண்ணீரில் வைத்த அம்மா ஒருவர் இருந்தார். அவர் மகளைவிட அவருக்குத்தான் நீச்சல் சீக்கிரம் வந்தது.